அறுபதுக்குக் குறையாத பூக்கள்

செவ்வாய்க்கிழமை காலை என்றால் முஆஸ் தன் இடது கையை நீட்டி ஐந்து மில்லி ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். ஆய்வுக்குப் புது ரத்தம் வேண்டும். ஆரம்பத்தில் ஆய்வகத்தில் மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தான். ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை. கடைசியில் தன் ரத்தமே தனக்குதவி என்று முடிவு செய்தான். நாலு வருடமாக அவன் அம்மா ரோஷன் பீவி திங்கட்கிழமைதோறும் ஈரல் வறுத்துப் போடுகிறார். பையன் படிக்கிறானா, யாருக்காவது ரத்தம் விற்கிறானா என்ற சந்தேகம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

அப்பா உசேனுக்கு முல்லா வீதியில் பாய், தலையணை, கொசுவலைக் கடை. மகன் மலேரியாவைத் தடுக்க வழி தேடுகிறான் என்பதை அவர் வியாபாரக் கண்ணோடுதான் பார்த்தார். "கண்டுபிடிச்சா ஒரு வாரம் முன்னாடி சொல்லுடா. வலை ஸ்டாக்கெல்லாம் தள்ளி வுட்டுடறேன்" என்பார்.

அவசரப்படத் தேவையில்லாத அளவில்தான் ஆராய்ச்சி இருந்தது.

மலேரியா ஒட்டுண்ணிகளில் விவாக்ஸ் என்று ஒன்று. அது சிவப்பணுவுக்குள் நுழைந்தால்தான் பிழைக்கும். நுழைய ஒரு பிடி வேண்டும். சிவப்பணுவின் மேல்தோலில் டஃபி என்றொரு மூலக்கூறு நீட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நோயாளியின் ரத்தத்தை ஆராயும்போது அது தெரியவந்ததோ அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். ஒட்டுண்ணியிடம் ஒரு புரதம் உண்டு. அது டஃபியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடி கிடைத்தால் உள்ளே போய்க் குடும்பம் நடத்தலாம். கிடைக்காவிட்டால் ரத்தத்தில் கொஞ்ச நேரம் சுற்றித் திரிந்துவிட்டுச் செத்துப்போக வேண்டியதுதான்.

முஆஸின் வேலை இந்தப் பிடியைத் தளர்த்த முடியுமா என்று பார்ப்பது. அதற்கு ஒரு குரங்கின் சிறுநீரகச் செல்களை வளர்த்தான். அந்தக் குரங்கு எந்தக் காலத்திலோ போய்ச் சேர்ந்துவிட்டது. செல்கள் மட்டும் ஆய்வகம் ஆய்வகமாக வாடகை தராமல் குடியிருந்துவருகின்றன. அவற்றின் மேல் ஒட்டுண்ணியின் புரதம் முளைக்கும்படி செய்து, தன் ரத்தத்தின் சிவப்பணுக்களை ஊற்றுவான். அவை ஓடிவந்து செல்லைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் இதழ்கள். ஆய்வகத்தில் அதற்குப் பூ என்று பெயர். முப்பது இடங்களில் பார்த்து எத்தனை பூ என்று எண்ண வேண்டும்; வழக்கமாகத் தொண்ணூறை ஒட்டி வரும்.

இப்போது, மலேரியா வந்து தேறியவர்களின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, முதலில் ஊற்றினால் என்ன ஆகும்? அவர்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தை மூடிக்கொண்டால் சிவப்பணு ஒட்டாது. பூ குறையும். குறைந்தால் நல்ல செய்தி. தடுப்பூசிக்கு ஒரு வழி இருக்கிறது என்று பொருள். உலகத்தில் பூ குறைந்ததற்காகச் சந்தோஷப்படுகிறவர்கள் இந்தத் துறையில் மட்டும்தான் இருப்பார்கள்.

2006 டிசம்பரோடு முஆஸின் ஃபெல்லோஷிப் முடிகிறது. செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஆய்வுக்குழு கூடும். அன்று பூ குறைந்திருந்தால் அவன் டாக்டர் முஆஸ். குறையாவிட்டால் முல்லா வீதியில் தலையணை.

போன கூட்டத்தில் குழு உறுப்பினர் கிருஷ்ணசாமி ஒரு கேள்வி கேட்டார். "பூவை யாரு எண்றது?"

"நான்தான் சார்."

"குறையணும்னு ஆசைப்படறது?"

"அதுவும் நான்தான் சார்."

கிருஷ்ணசாமி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பில் முஆஸின் நாலு வருடக் கணக்கும் அழிந்துபோயிற்று.

அவனுடைய வழிகாட்டி பாக்கியலட்சுமி மேடம் மறுநாளே சட்டம் போட்டார். எண்ணுகிறவருக்குத் தட்டின் எந்தக் குழியில் எந்தச் சீரம் என்று தெரியக் கூடாது. கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்பது தெரியவே கூடாது. முஆஸுக்கும் எண் போட்ட குப்பிகள்தான் கிடைக்கும். எந்த எண் யார் என்ற பட்டியல் மேடத்தின் மேசைக்குள் பூட்டியிருக்கும். முஆஸ் மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கக் கூடாது. சொல்வதை எழுதிக்கொள்ளலாம், முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் எது நல்லது என்று தெரியும். தெரியாத ஒரே ஆள் தனக்கொடி.

தனக்கொடி பிள்ளைச்சாவடிக்காரி. தினக்கூலிக்குக் கண்ணாடிச் சாமான் கழுவ வருகிறவள். அதற்கு முன் கடற்கரையோரம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் எட்டு வருடம் குஞ்சு எண்ணினாள். வெள்ளைப் பேசினில் தண்ணீரோடு ஓடுகிற, மயிரிழை தடிமன் உள்ள குஞ்சுகளை ஐந்தைந்தாகக் கண்ணாலேயே பிரித்து எண்ணுவாள். சுனாமியில் பண்ணை போயிற்று, கண் மட்டும் தங்கிவிட்டது. மேடம் அவளை மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்து, இது பூ, இது பூ இல்லை, பாதிக்கு மேல் இதழ் இருந்தால்தான் கணக்கு என்று அரை மணி நேரம் காட்டினார்.

"ஓடாம நிக்குது மேடம். இதப் போயி எண்றதுக்கு இன்னா?" என்றாள் தனக்கொடி.

ஜூலையில் முதல் எண்ணிக்கை. அவள் சொல்லச் சொல்ல முஆஸ் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான்.

"தொண்ணூத்தி ரெண்டு."

எழுதினான்.

"எம்பத்தெட்டு."

எழுதினான்.

தனக்கொடி மூன்றாவது குழிக்குத் தட்டை நகர்த்தினாள். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பதினாலு."

முஆஸின் பேனா நின்றது. நாலு வருடம். ஐந்து ஐந்து மில்லியாகப் பார்த்தால் ஒரு லிட்டர் ரத்தம். தொண்ணூறு இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு.  எண்ணுகிறவர் முன்னால் முகத்தைக் காட்டக் கூடாது என்ற சட்டம் நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. பதினாலு என்று எழுதிவிட்டு எழுந்து, பெரிய குளிர்பெட்டிக்குப் பின்னால் போய், சத்தம் வராமல் அழுதான். கோட்டுக் கையில் கண்ணைத் துடைத்தான். மூக்கைச் சிந்தினான். முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பியபோது தனக்கொடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது சொல்லுக்கா" என்றான், கல்லைப் போல.

அடுத்தது அறுபத்தி மூன்று.

அன்றிலிருந்து ஏழு வாரம் எண்ணினார்கள். சென்னையில் மலேரியா கண்டு தேறிய நாற்பது பேரின் சீரமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று. அறுபத்தொன்று, எண்பத்தேழு, அறுபத்தாறு, அறுபத்திரண்டு. அறுபதுக்குக் கீழே ஒன்றுகூட இறங்கவில்லை. அந்தப் பதினாலு திரும்பி வரவேயில்லை.

"மொத நாள் நீ ஏதோ சரியா கழுவல" என்றார் மேடம். "கொஞ்சம் கொறையுது. ஆனா இத வச்சுக்கிட்டுத் தடுக்குதுன்னு சொல்ல முடியாது முஆஸ். பதினெட்டாம் தேதி உள்ளத சொல்லிடலாம்."

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று மேடம் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். அன்று வீட்டுக்குப் போன முஆஸ் கடையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே இரண்டு தலையணைக்கு உறை மாட்டினான். உசேன் அதைப் பார்த்தார். கேலி எதுவும் செய்யாமல் டீ வாங்கிவரச் சொன்னார். முஆஸுக்குக் கேலியே தேவலை என்றிருந்தது.

எட்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மிச்சமிருந்த சீரத்தை மறுபடி போட்டுச் சரிபார்த்த எண்ணிக்கை நடுவில் மைக்ரோஸ்கோப்பின் விளக்கு பட்டென்று போயிற்று. தனக்கொடி டீ குடிக்கப் போனாள். முஆஸ் புது பல்பு மாட்டினான். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கண் வைக்காமல் முடியாது. வைத்தான். ஐந்தாவது குழி. ஒரு பூ. தட்டை நகர்த்தினான். வெறும் செல்கள். நகர்த்தினான். வெறும் செல்கள். பத்து இடம் பார்த்ததில் மூன்று பூ இருந்தது.

அவன் கண்ணை எடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். தனக்கொடி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். முப்பது இடமும் பொறுமையாகப் பார்த்தாள்.

"அறுபத்தி நாலு" என்றாள்.

"அக்கா."

"இன்னா தம்பி?"

"இன்னொரு தபா எண்ணு."

பார்த்தாள். "அறுபத்தி நாலு."

"நான் இப்பதான் பாத்தேன்கா. பத்து எடத்துல மூணுதான் இருக்குது."

தனக்கொடி மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"நீ பாக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிக்குதே" என்றாள், உள்ளே பார்த்தபடியே.

"பல்பு போட்டேன். அத வுடு. ஏன்க்கா?"

"நீ அழுதியே."

"நானா?"

"அந்தப் பெரிய ஐஸ் பொட்டி பின்னால. பதினாலுன்னு சொன்னதும் உம் மூஞ்சி செத்துப்போச்சு."

"அது அழுக இல்லக்கா."

"பின்ன இன்னா?"

முஆஸ் வாயைத் திறந்தான். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் குறைந்தால் நல்லது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் இனி அவள் எண்ண முடியாது. வாயை மூடிக்கொண்டு, "தூசிக்கா" என்றான்.

"மூக்க வேற சிந்துன."

"நெறைய தூசி."

"எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல" என்றாள் தனக்கொடி. இப்போது திரும்பினாள். "படிக்கிற புள்ள, நாலு வருசமா சொந்த ரத்தத்த ஊத்தி வளக்குது, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லாம தனியா போயி அழுவுதேன்னு. பண்ணையில ஏழப்பட்டவன் வந்து குஞ்சு வாங்குனா மொதலாளி பாக்காதப்ப பையில ரெண்டு கரண்டி கூடப் போடுவேன். வழியில சாவறதுக்குன்னு. இங்க மொதலாளி காசா போவுது? அறுபதுக்குக் கீழ இருந்தா அறுபதுக்கு ஏத்திடுவேன். அதுக்கு மேல இருந்தா தொடவே மாட்டேன். நான் ஒண்ணும் பொய்க்காரி இல்ல."

"அறுபத்தொண்ணு, அறுபத்தி மூணுன்னு வேற வேறயா சொன்னியே?"

"ஒரே மாரி சொன்னா உங்களுக்கு சந்தேகம் வந்துராது?"

முஆஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் குறைந்திருக்கிறது. ஏழு வாரமும் குறைந்திருக்கிறது. தடுப்புச் சக்தியுள்ள சீரம் உண்டாக்கிய குறைவை அக்கா இரக்கத்தால் நிரப்பி வைத்திருக்கிறாள். எண்ணிய தட்டுகள் எல்லாம் அன்றன்றே கழுவியாயிற்று. கழுவியதும் தனக்கொடிதான்.

"கோவிச்சுக்காத தம்பி. எதுல எத்தினி ஏத்துனேன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. சொல்லட்டா? எழுதிக்கோ."

அவன் பேனாவைத் திறந்தான். திறந்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும். பின்னால் மேடத்திடம் அதை மறைக்கவில்லை. நோட்டைப் பிரித்து முதல் வாரத்துப் பக்கத்தில் விரலை வைத்தான்.

"மொத வாரம், நாலாவது கிண்ணம்" என்று அவள் கண்ணை மூடினாள். "அது ஒம்பது. இல்ல, பத்தொம்பதா?" கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். மிகுந்த அன்போடு கேட்டாள்: "உனக்கு எது வேணும் தம்பி?"

முஆஸ் பேனாவை மூடினான்.

பாக்கியலட்சுமி மேடம் தன் அறையில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முஆஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பேனா திறந்தது வரை சொன்னான். மேடம் ஒரு வேர்க்கடலையை மென்று முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"யாரு அழுதது?"

"நான்தான் மேடம்."

"மூஞ்சியக் காட்டக் கூடாதுன்னு சொன்னது யாருக்கு?"

"எனக்குதான் மேடம்."

"அப்ப சட்டத்த மீறுனது அவங்க இல்ல."

"அவங்கள வேலையிலேர்ந்து எடுத்துட மாட்டீங்களே?"

"எடுத்துட்டு? பாவம் பாக்கத் தெரியாத ஆளா தேடிட்டு வரச் சொல்றியா? அது கெடைக்கும். எண்ணத் தெரிஞ்ச ஆளு கெடைக்காது." மேடம் டிபன் பாக்ஸை மூடினார். "சீரம் எவ்ளோ மிச்சம்?"

"பதினோரு பேருது இருக்கு. ஒரு தடவைக்குதான் வரும்."

"வர்ற செவ்வாய் போடு. என்ன வருதோ அதத்தான் குழு முன்னாடி வைப்போம். ஒண்ணும் வராட்டி, ஒண்ணும் வரலன்னு வைப்போம். அந்த ஏழு வாரத்தையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடி. காரணம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடு."

"என்ன காரணம் எழுதறது மேடம்?"

மேடம் யோசித்தார். "எண்ணியவருக்கு ஆய்வாளர் மேல் ஏற்பட்ட இரக்கத்தால்."

"கிருஷ்ணசாமி சார் படிப்பாரே."

"படிக்கட்டும். அவருக்கும் யாராவது எப்பவாவது எரக்கப்பட்டிருப்பாங்க."

ஆனால் தனக்கொடியிடம் என்ன சொல்வது என்பதை மேடம் அவன் தலையில் கட்டிவிட்டார். எது வேண்டும் என்று சொல்லக் கூடாது. ஏற்றவும் கூடாது என்று புரியவைக்க வேண்டும். முஆஸ் ஒரு வாரம் யோசித்தான். செவ்வாய் காலை ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவளிடம் போனான். அவள் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டு கரண்டி கூடப் போடுவேன்னியே. ரொம்பக் கூடப் போட்டா இன்னா ஆவும்?"

"பையிலயா? காத்து பத்தாது. மூச்சு முட்டி எல்லாம் செத்துரும்." குடுவையை உதறினாள். "ஒரு தபா அப்பிடி ஆயிருக்குது. மரக்காணத்துக்காரன் ஒருத்தன். நல்லது பண்றேன்னு போட்டுட்டேன். போயி பையப் பிரிச்சா ஒரு குஞ்சு உசுரோட இல்ல. அந்த ஆளு திரும்பி வந்து எங்கிட்டயே சொல்லி அழுதான். நான்தான்னு அவனுக்குத் தெரியாது."

"இதுவும் அப்பிடித்தான்கா. கூட ஒண்ணு போட்டாலும் மொத்தப் பையும் போயிரும். கம்மியா சொன்னாலும் போயிரும். இருக்கறது இருக்கணும்."

தனக்கொடி குடுவையைக் கீழே வைத்தாள். "ஏழு வாரமும் போயிருச்சா?"

"போயிருச்சு."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "வா, எண்ணுவோம்" என்றாள்.

மேடம் வந்து முஆஸை ஒரு ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். தண்டனை பெற்ற பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தட்டில் மொத்தம் பதினாறு குழி. பதினொன்றில் சீரம், ஐந்தில் ஒன்றுமில்லை. எது எது என்று மேடத்துக்குத்தான் தெரியும். ஒன்றுமில்லாத ஐந்தும் தொண்ணூறை ஒட்டித்தான் வரும். மற்ற பதினொன்றில்தான் அவன் பிழைப்பு இருந்தது.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றாள் தனக்கொடி முதுகுக்குப் பின்னால்.

எழுதினான்.

"எம்பத்தாறு."

எழுதினான்.

அப்புறம் சத்தமில்லை. தட்டு நகரும் ஒலி மட்டும் கேட்டது. நகர்ந்தது, நின்றது, மறுபடி முதலிலிருந்து நகர்ந்தது. முஆஸ் சுவரில் இருந்த ஆணித் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு" என்றாள். குரல் கம்மியிருந்தது. "தம்பி, ஏழுதான் இருக்குது. ரெண்டு தபா பாத்தேன்."

"எழுதிட்டேன்கா."

"அடுத்தது பாப்போம். நீ மனச வுட்டுறாத." தட்டு நகர்ந்தது. "பன்னண்டு."

முஆஸ் கீழ் உதட்டைக் கடித்தான். தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தான்; இன்னும் குலுங்கியது. முதுகில் ஒரு கை வந்து பட்டது. டெட்டால் வாசனை அடிக்கிற, தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கை.

"அழுவாத கண்ணு. எனக்குச் சொல்ல மனசு வரல, ஆனா இருக்கறதுதான் சொல்ல முடியும். நீதான் சொன்ன."

"நீ சொல்லுக்கா" என்றான் முஆஸ் சுவரிடம்.

அவள் போய் உட்கார்ந்தாள். ஒன்பது என்றாள். பதினாறு என்றாள். நடுவில் எண்பத்தொன்பது வந்தபோது, பிள்ளைக்குப் பொட்டலம் கொடுப்பதுபோல் உற்சாகமாக, "இந்தா, எம்பத்தொம்பது!" என்றாள். அவன் அதை எழுதிக்கொண்டான். பத்து என்றபோது மூக்கை உறிஞ்சினாள். கண்ணில் நீர் கட்டிப் பூ மங்கலாகத் தெரிகிறது என்று நிறுத்தி, துடைத்துவிட்டு, முதலிலிருந்து எண்ணி, "பத்தேதான்" என்றாள். பதினாறு குழியும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றைக்கூட அவள் ஏற்றவில்லை.

மேடம் தாளை வாங்கித் தன் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். தொண்ணூறை ஒட்டி ஏழு, இருபதுக்குக் கீழே ஒன்பது. பதினோரு பேரில் ஒன்பது பேருடைய சீரம் அந்தப் பிடியை விலக்கியிருந்தது. இரண்டு பேருடையது சும்மா இருந்தது. அதுவும் நல்லதுதான், எல்லாம் சரியாக வந்திருந்தால் கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றியிருப்பார். மேடம் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். முஆஸ் தனக்கொடியிடம் ஓடப் பார்த்தான். மேடம் அவன் கோட்டைப் பிடித்து வெளியே நடைக்கு இழுத்துவந்தார்.

"எங்க போற?"

"அக்காகிட்ட சொல்லிடறேன் மேடம். அழுதுட்டு இருக்காங்க."

"அடுத்த மாசம் புதுசா முப்பது பேர் சீரம் வருது. யாரு எண்ணுவா?"

முஆஸ் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"முப்பதும் முடியட்டும். நானே உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்றேன். அது வரைக்கும் மூஞ்சி பத்திரம்" என்று சொல்லிவிட்டு மேடம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் அவர் சிரித்தாரா இல்லையா என்பது தெரியவில்லை.

சாயங்காலம் தனக்கொடி வாசலில் அவனுக்காக நின்றிருந்தாள். இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

"மேடம் திட்டுச்சா?"

"இல்லக்கா."

"படிப்பு போச்சுன்னா ஒலகமே போயிருமா? உங்கப்பா கட இருக்குது. நாளைக்கு வஞ்சரம் கொண்டாரேன், உங்கம்மாகிட்ட குடு. ரத்தத்த வேற எடுத்துக் குடுத்துட்டு நிக்கற."

"சரிக்கா."

காலாப்பட்டு பஸ் வந்தது. ஏறும்போது அவள் தன் பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து அவன் கையில் திணித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவனையே பார்த்தாள். முஆஸுக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. பஸ் கிளம்பி வளைவு திரும்புகிற வரைக்கும், தன்னால் முடிந்த அளவு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.